காலண்டர் அட்டையில் ஒரு டவுன் பஸ்: பிள்ளையோடு சேர்ந்து பலகை ஆட்டம் செய்ய

பிள்ளையோடு புது ஆட்டம் கண்டுபிடிக்க உட்காரும் பெரியவர்கள் பலரும் முதலில் எடுப்பது ஸ்கெட்ச் பேனாவைத்தான். பாதி ஆட்டம் அங்கேயே கெட்டுவிடுகிறது. சார்ட் தாளில் நூறு கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டி, ஞாயிற்றுக்கிழமையைக் கரைத்த பிறகு ஆடிப் பார்த்தால் சப்பென்று இருக்கும். மாற்றவும் மனம் வராது. இவ்வளவு அழகாக வரைந்ததை யார் கிழிப்பது? பரணில் ஏற்றிவிட வேண்டியதுதான்.

அதனால் முதல் வாரம் வண்ணமே வேண்டாம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம், பென்சில், அழிரப்பர், நாலு சட்டைப் பொத்தான், ஒரு பகடை, இவை போதும். பத்து முறையாவது ஆடி, மாற்றி, மறுபடி ஆடிய பிறகே அட்டையில் ஏற்ற வேண்டும். வரைவது கடைசி வேலை.

ஒன்றுமில்லாததிலிருந்து ஆட்டம் உண்டாக்குவது பெரியவர்களுக்கே கஷ்டம். தெரிந்த ஆட்டத்தில் ஒரே ஒரு விதியை மாற்றித் தொடங்குவது சுலபம். ஆடுபுலி ஆட்டத்தை எடுங்கள். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. ஆட்டை 12 ஆகக் குறைத்தால் என்ன ஆகும்? புலியை 2 ஆக்கினால்? இதைப் பிள்ளையிடம் கேட்டு, ஒவ்வொன்றையும் பத்து ஆட்டம் ஆடி, யார் ஜெயித்தது என்று நோட்டில் கோடு போடச் சொல்லுங்கள். பத்தில் ஒரு பக்கமே எட்டுக்கு மேல் ஜெயித்தால் எண்ணிக்கையில் கோளாறு. ஒரு தடவை நீங்கள் புலி, மறு தடவை பிள்ளை புலி என்று மாற்றி மாற்றி ஆட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஜெயித்தது புலியா, நீங்களா என்று தெரியாது.

பரமபதத்திலும் ஒரு சின்ன மாற்றம் போதும். இரண்டு பகடை உருட்டி, விழுந்த இரண்டு எண்களில் ஒன்றை ஆடுபவரே தேர்ந்தெடுக்கட்டும். அதுவரை விதி விட்ட வழி என்று போய்க்கொண்டிருந்த காய்க்கு அப்போதுதான் புத்தி வரும். மூன்று போட்டால் பாம்பு, ஐந்து போட்டால் ஏணிக்கு இரண்டு கட்டம் முன்னால். எதை எடுப்பது? பிள்ளை யோசிக்கத் தொடங்கும் இடம் இது. வெறும் உருட்டலும் நகர்த்தலும் ஐந்து வயதுக்குப் போதும். ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு முடிவெடுக்க ஏதாவது இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது ஆட்டத்தில் எழுந்து போய்விடும்.

பிள்ளைகள் போடும் ஆட்டங்களில் தவறாமல் வரும் விதி ஒன்று உண்டு: "ஆறு விழுந்தால்தான் காய் இறங்கலாம்". தாயத்தைப் பார்த்துப் பழகியதால் வருவது. தாயக்கட்டை இரண்டிலும் 0, 1, 2, 3 என்று நான்கு முகம். இரண்டையும் உருட்டினால் 16 வகையாக விழலாம். தாயம், அதாவது மொத்தம் ஒன்று, விழுவது அதில் இரண்டே வகை, எட்டில் ஒன்று. எட்டு தடவை உருட்டியும் தாயமே விழாமல் போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஒற்றைப் பகடையில் ஆறுக்குக் காத்திருப்பதும் ஏறக்குறைய இதே கதை. ஆறு தடவை உருட்டியும் ஆறு விழாமல் உட்கார்ந்திருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு. தாயத்தில் மறு ஆட்டம், வெட்டு என்று பிற்பாடு ஈடுகட்ட வழிகள் உண்டு. வீட்டில் செய்யும் சின்ன ஆட்டத்தில் அதெல்லாம் இருக்காது. எல்லாக் காயும் முதல் உருட்டிலேயே கிளம்பட்டும்.

கட்டங்களின் எண்ணிக்கையை ஆட்ட நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். ஒரு பகடையின் சராசரி 3.5. நூறு கட்டம் என்றால் ஏறத்தாழ 29 உருட்டு. நாலு பேர், ஓர் உருட்டுக்கு 15 விநாடி என்று வைத்தால், பாம்பு ஒன்றுகூடக் கடிக்காமலே அரை மணி ஆகிவிடும். நாற்பது கட்டம், மூன்று பேர் என்றால் ஒன்பது நிமிடத்தில் முடியும். முதல் ஆட்டத்துக்கு நாற்பதே தாராளம்.

தண்டனைக் கட்டத்தை எங்கே வைப்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. கிளம்பும் இடத்திலிருந்து ஆறாவது கட்டத்தில் ஒரு காய் எப்படியாவது வந்து நிற்கும் வாய்ப்பு 36 சதவீதம். முதல் கட்டத்துக்கு அது 17 தான். ஏழாவதில் 25 ஆக இறங்கிவிடும், பிறகு 29ஐ ஒட்டியே ஓடும். பிள்ளைகள் பாம்பை ஆறாம் கட்டத்தில் வைத்துவிட்டு "எப்பப் பார்த்தாலும் இதுலயே விழுது" என்று சொல்வது பிரமை இல்லை. பரிசை ஆறில் வையுங்கள், பாம்பைப் பத்துக்கு மேல் தள்ளுங்கள். தண்டனையும் "இரண்டு ஆட்டம் சும்மா இரு" என்று வேண்டாம். நாலு பேர் ஆடும்போது அந்தப் பிள்ளை ஒன்பது முறை மற்றவர் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். நாலு கட்டம் பின்னால் போகச் சொல்லலாம், வலியும் குறைவு, ஆட்டமும் நிற்காது.

இனி ஓர் ஆட்டத்தை முழுசாகச் செய்து பார்க்கலாம். டவுன் பஸ். பிள்ளைக்குத் தெரிந்த உலகம் என்பதால் விதிகளைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், பாதியை அதுவே சொல்லும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பஸ். எல்லா பஸ்ஸும் ஒரே திசையில் வட்டமாக ஓடும். ஆறு நிறுத்தங்கள்: பஸ் ஸ்டாண்டு, சந்தை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில், ரயில்வே ஸ்டேஷன். பெயர்களைப் பிள்ளையே வைக்கட்டும், உங்கள் ஊர்ப் பெயராக இருந்தால் இன்னும் நல்லது. நிறுத்தத்தில் நிற்கும் பயணியை ஏற்றி, அவர் போக வேண்டிய இடத்தில் இறக்கி, டிக்கெட் காசு சேர்க்க வேண்டும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது 24 கட்டம், நாலு கட்டத்துக்கு ஒரு நிறுத்தம், ஒரு பகடை. ஆடினால் இரண்டாவது சுற்றிலேயே அலுத்துவிடும். ஒரு நிறுத்தத்தில் நிற்கும் பஸ் அடுத்த உருட்டிலேயே இன்னொரு நிறுத்தத்தில் சரியாக நிற்க வேண்டுமென்றால் நாலு விழ வேண்டும். ஆறில் ஒரு வாய்ப்பு. பயணி கைகாட்டக் காட்ட பஸ் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். நிஜத்தில் அப்படித்தானே என்று சிரிக்கலாம், ஆனால் ஆட்டம் ஓடாது.

நிறுத்தங்களை மூன்று கட்டத்துக்கு ஒன்றாக நெருக்கி, மொத்தம் 18 கட்டமாக ஆக்குங்கள். இப்போது பஸ் எங்கே நின்றாலும் முன்னால் ஆறு கட்டத்துக்குள் சரியாக இரண்டு நிறுத்தங்கள் இருக்கும். ஒரு பகடையில் மூன்றில் ஒரு வாய்ப்பு. இரண்டு பகடை உருட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் 36 விழும் வகைகளில் 20, அதாவது 56 சதவீதம். பாதிக்குச் சற்று மேல். போதுமான அளவு நிற்கும், நிற்காத ஏக்கமும் இருக்கும். இரண்டு எண்ணையும் கூட்டி நகர்த்தவும் அனுமதித்தால் வாய்ப்பு இன்னும் ஏறும், ஆனால் ஏழு வயதுக்கு ஒரே நேரத்தில் மூன்று வழிகள் அதிகம். பத்து வயதுக்குக் கொடுக்கலாம்.

பயணி அட்டை 24. ஆறு இடங்களுக்கும் நாலு நாலு, அட்டையில் போக வேண்டிய இடத்தின் பெயர் மட்டும். தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு அட்டைகளை முகம் தெரிய வையுங்கள், மீதி 12 கவிழ்த்த கட்டாக நடுவில். எந்த நிறுத்தத்தில் வைக்கிறோமோ அதே இடத்துக்குப் போகிற அட்டை வந்தால் கட்டின் அடியில் செருகி அடுத்ததை எடுக்கவும். ஒரு பஸ்ஸில் மூன்று இருக்கை. நாலு பேர் ஆடி எல்லா பஸ்ஸும் நிரம்பினாலும் 12 அட்டை பஸ்ஸில், 12 நிறுத்தங்களில். 24 என்று வைத்தது இதற்காகத்தான். ஏற்றியதும் காலியான இடத்துக்குக் கட்டிலிருந்து ஆள் வரும், கட்டு தீர்ந்திருந்தால் காலியாகவே இருக்கும். இறங்கிய பயணி கட்டின் அடிக்குப் போவார்.

கட்டணத்தில்தான் ருசி. நிறுத்தத்துக்கு ஒரு ரூபாய் என்று வைத்தால் கிட்டப் போகிறவரை யாரும் ஏற்றமாட்டார்கள். எல்லோரும் ஐந்து நிறுத்தம் தள்ளிப் போகிறவருக்கே அடித்துக்கொள்வார்கள். குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று நிஜ பஸ்ஸில் இருப்பதுபோல் இங்கேயும் வேண்டும். ஏறினாலே இரண்டு ரூபாய், அதன்மேல் நிறுத்தத்துக்கு ஒன்று. ஒரு நிறுத்தத்துக்கு 3, இரண்டுக்கு 4, இப்படி ஐந்துக்கு 7. கிட்டப் போகிறவர் இருக்கையைச் சீக்கிரம் காலி செய்வார், தூரப் போகிறவர் காசு அதிகம் தருவார். எது லாபம் என்று பிள்ளை விரல் விட்டு எண்ணும்.

காசை இறங்கும்போது வாங்கினால் ஒரு சிக்கல் வரும்: இவர் எங்கே ஏறினார் என்று யாருக்கும் நினைவிருக்காது. சண்டை நிச்சயம். ஏறும்போதே டிக்கெட் கிழித்துக் காசு வாங்கிவிடுங்கள், கண்டக்டர் செய்வதும் அதுதானே. ஆட்டம் முடியும்போது இறக்காமல் வைத்திருக்கும் ஒவ்வொரு பயணிக்கும் 5 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டால் அவர் இன்னொரு சுற்று வரவேண்டியதுதான், கூடுதல் காசு கிடையாது.

பன்னிரண்டு சுற்றோடு ஆட்டம் முடிவு. பலகையின் ஓரத்தில் 1 முதல் 12 வரை எழுதி, சுற்றுக்கு ஒன்றாக ஒரு பொத்தானை நகர்த்துங்கள். மூன்று பேர் ஆடினால் கால் மணி நேரம். "யார் முதலில் 50 ரூபாய் சேர்ப்பது" என்று வைத்தால் முதலில் உருட்டுபவருக்கு ஓர் உருட்டு அதிகம் கிடைத்துவிடும். சுற்றுக் கணக்கில் அந்த வம்பு இல்லை.

தொடர்ந்து மூன்று முறை நிறுத்தத்தைத் தவறவிடும் துரதிருஷ்டசாலி ஒருவர் எப்போதும் இருப்பார் (நூற்றுக்கு ஒன்பது முறை நடக்கும்). அவருக்காகத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் ஒரு ஹாரன் வில்லை கொடுங்கள். ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை, அதைக் கொடுத்து ஒரு பகடையை வேண்டிய எண்ணுக்குத் திருப்பிக்கொள்ளலாம். பிள்ளைகள் இதை இரண்டாவது சுற்றிலேயே செலவழித்துவிட்டு மறுபடி கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

இந்த நிலைக்கு வந்த பிறகு பிள்ளை சொந்தமாக விதி சேர்க்கத் தொடங்கும், நல்ல ஆட்டத்துக்கு அதுவே அடையாளம். உதாரணமாக, தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணம் இல்லை. பஸ்ஸில் போய்ப் பழகிய பிள்ளை அதைக் கட்டாயம் கேட்கும். ஆறு அட்டைகளை இளஞ்சிவப்பில் குறித்து, அவர்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் மூன்று பேரை இறக்கி முடித்தால் வங்கி மொத்தமாக மானியம் தரும் என்று வைக்கலாம். இறக்கிய இளஞ்சிவப்பு அட்டைகளைக் கட்டின் அடியில் போடாமல், மூன்று சேரும்வரை கையில் வைத்துக்கொள்ளட்டும். மானியம் எவ்வளவு? சராசரி டிக்கெட் 5 ரூபாய் என்பதால் மூன்று பேருக்கு 15 சமம். 12 என்றால் ஒருவரும் ஏற்றமாட்டார்கள். 18 வைத்தால் இரண்டு பேரை இறக்கிய பஸ் மூன்றாவது ஆளைத் தேடி ஊரெல்லாம் ஓடும். மூன்றையும் ஆடிப் பார்த்துப் பிள்ளையே தீர்ப்புச் சொல்லட்டும்.

இங்கே கறாராக இருக்க வேண்டிய இடம் ஒன்று: விதி மாற்றம் ஆட்டம் முடிந்த பிறகுதான். தோற்கப்போகும் நேரத்தில் "இனிமே கோயில்ல நின்னா டபுள் காசு" என்று வருவது அழுகுணி ஆட்டம். "நல்லா இருக்கு, நோட்டில் எழுது, அடுத்த ஆட்டத்தில் பார்க்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் ஆட்டம் கெட்டது எதனால் என்று பிடிக்க முடியாது. இந்த நோட்டுதான் பின்னால் விதித்தாள் ஆகும். உங்கள் யோசனை தோற்றுப்போனால் அதையும் பிள்ளையே அடிக்கட்டும், அப்பா அம்மா யோசனைக்குத் தனிச் சலுகை வேண்டாம்.

இனி பொருட்கள். 18 கட்டத்தை 6க்கு 5 செவ்வகத்தின் ஓரமாகச் சுற்றிப் போடலாம். கட்டம் 4 செ.மீ. என்றால் 24க்கு 20 செ.மீ., ஓர் ஏ4 தாளில் அடங்கிவிடும். நடுவில் 16க்கு 12 செ.மீ. காலி இடம் கிடைக்கும், அட்டைக் கட்டு அங்கே. நாலு செ.மீ. கட்டத்தில் சோடா மூடி ஒன்றுதான் நிற்கும், ஒரே நிறுத்தத்தில் மூன்று பஸ் நிற்க வேண்டுமே. சட்டைப் பொத்தான் வசதி. காசுக்குப் புளியங்கொட்டை நாற்பது, பத்து ரூபாய்க்குச் சோழி பதினைந்து. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எடுக்காதீர்கள், அது விஷம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் கொட்டையும் பொத்தானும் தரையில் கிடக்கவே கூடாது.

பலகைக்குப் பழைய தினசரி காலண்டரின் அட்டையைப்போல் ஒன்று கிடைக்காது. கெட்டி, தட்டை, செலவில்லை. தாளை ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பசை காயும்போது தாள் சுருங்கி அட்டையை வளைத்துவிடும். பின்பக்கமும் அதே அளவு தாளை ஒட்டி, மேலே தட்டையாகப் புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி விட்டால் நேராக நிற்கும். ஃபெவிகாலை மெல்லிசாக இழுத்துத் தேயுங்கள். மைதாப் பசையில் தண்ணீர் அதிகம், வளைவும் அதிகம், கரப்பானுக்கு விருந்தும்கூட. பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கும் பழக்கம் உண்டு. பிள்ளைகள் கைவைக்கும் பொருளில் அது வேண்டவே வேண்டாம். ஸ்கெட்ச் பேனாவின் மை ஈரம் பட்டால் ஓடும், ஆகவே ஒட்டிக் காய்ந்த பிறகே வண்ணம். கலர் பென்சில் என்றால் கவலையில்லை.

பயணி அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை. 12க்கு 18 செ.மீ. துண்டில் 4க்கு 6 அளவில் ஒன்பது அட்டை வரும், மூன்று துண்டு போதும். சாமி படம் உள்ள பக்கத்தைக் கத்தரிக்க வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள், அதை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். வெவ்வேறு பத்திரிகைகளைக் கலந்தால் பின்பக்கம் வேறு வேறாக இருக்கும். மஞ்சள் ஓரம் உள்ள அட்டை சந்தைக்குப் போவது என்று மூன்றாவது ஆட்டத்தில் பிள்ளை கண்டுபிடித்துவிடும், உங்களிடம் சொல்லவும் சொல்லாது. ஒரே கல்யாணத்துக்கு வந்த பத்திரிகை இரண்டு மூன்று சேர்ந்தால் யோகம். இல்லாவிட்டால் எல்லா அட்டைக்கும் பின்னால் ஒரே நிறத் தாளை ஒட்டிவிடுங்கள். வழவழப்பான பக்கத்தில் ஜெல் பேனா ஈஷிக்கொள்ளும், பெர்மனென்ட் மார்க்கர் நிற்கும்.

பகடையை வீட்டில் செய்வது சுவாரசியம், ஆனால் காகிதக் கனசதுரம் எடையில்லாமல் உருளாது, வழுக்கி நிற்கும். 2 செ.மீ. பக்கமாக வெட்டி மடித்து, மூடுவதற்கு முன் கசக்கிய தாளை இறுக்கமாகத் திணியுங்கள். அரிசி போட்டால் ஒரு பக்கமாகச் சேர்ந்துகொள்ளும். எதிரெதிர் முகங்களின் கூட்டு ஏழு வர வேண்டும். அறுபது தடவை உருட்டி எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு எண்ணும் பத்தை ஒட்டி வர வேண்டும், ஐந்துக்கும் பதினைந்துக்கும் நடுவில் இருந்தால் ஆடலாம். ஏதாவது ஓர் எண் இருபது வந்தால் அந்தப் பகடை குப்பைக்கு. ஒரு முகம் உரசிய புளியங்கொட்டையும் இப்படித்தான். நாலு கொட்டை போட்டால் இரண்டு வெள்ளை விழுவதுதான் அதிகம் என்பது கணக்கு, 16க்கு 6. ஆனால் கொட்டைக்குக் கொட்டை உரசல் வேறுபடும், தனித்தனியாக ஐம்பது முறை போட்டுப் பார்த்தால்தான் எது வெள்ளையாகவே விழும் கொட்டை என்று தெரியும்.

கடைசிச் சோதனைக்கு மூன்றாவது ஆள் வேண்டும். பாட்டியோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ யாராவது. விதித்தாளைக் கொடுத்துவிட்டு நீங்கள் இருவரும் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். அவர்கள் எங்கே தயங்குகிறார்களோ அங்கே விதித்தாளில் ஒரு வரி குறைகிறது. டவுன் பஸ்ஸில் அநேகமாக எல்லோரும் கேட்பது இதுதான்: நிறுத்தத்தில் முதலில் இறக்குவதா, ஏற்றுவதா? இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். எங்கள் ஊர் பஸ்ஸில் அப்படி நடப்பதில்லை என்று பாட்டி சொன்னாலும் விதித்தாளில் அப்படியே எழுதி, ஆட்டச் சாமான்களைப் போட்டுவைக்கும் ஸ்வீட் பாக்ஸின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள்.